வால் வராத ரயில்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்கள் பயிற்சி முடிகிற நாளில் வந்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், பிடித்தால் படித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். எழுதுவதும் அப்படியொன்றும் சுலபமாக இல்லை. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டுச் சன்னலிலிருந்து ரயில் பாதை தெரியும். சத்தம் கேட்டால் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறேன். வருவது பயணிகள் ரயில். அதை நான் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் அது கடந்து முடிகிறவரை எனக்கு இருப்புக் கொள்ளாது.

"அந்த ரயிலு நீங்க பாக்கலன்னாலும் போவும்ங்க. ஒக்காருங்க, தே ஆறிப்போவுது" என்கிறாள் என் மனைவி, தேநீரை மேசையில் வைத்துவிட்டு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் காலையில் பூங்காவில் நடப்பார்கள். கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். நான் கம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போய், லிட்டில் இந்தியாவில் ஒரு தோசையைச் சாப்பிட்டுவிட்டு, பஸ் பிடித்து, நான் வேலை பார்த்த பழைய ரயில்வே கேட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறேன். இப்போது அங்கே வேலை பார்ப்பவர் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார். ஆரம்பத்தில், "என்ன அங்கிள், வீட்டுல சண்டையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது கேட்பதில்லை.

அங்கே பார்ப்பதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. துறைமுகத்துக்குப் பிரிந்து போகும் பழைய கிளைப் பாதை அது. ஒற்றைத் தண்டவாளம். ஒரு பக்கம் மூடிப்போன செம்பனை எண்ணெய் ஆலை. மறுபக்கம் எங்கள் ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள், அவற்றின் கோடியில் ஓர் அம்மன் கோயில். நடுவே சாலை தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் கேட். சில நாள் காலையில் ஒரு சரக்கு ரயில் வரும், மாலையில் அது திரும்பும். சில நாள் ஒன்றுமே வராது. தண்டவாளத்து நடுவில் லாலான் புல் முளைத்து, ஆடு மேயும்.

இந்த மாதிரி கேட்டுக்கு உங்களைப் போட்டால், "ஐயோ, அங்க ஒரு வேலையும் இல்ல லா" என்று சலித்துக்கொள்வீர்கள். நானும் சலித்துக்கொண்டேன். ஓயாமல் ரயில் ஓடும் கேட்டில் வேலை பார்ப்பது உண்மையில் சுலபம். அங்கே ஜனங்களுக்கே பயம் இருக்கும். மணி அடித்தால் நின்றுவிடுவார்கள். எப்போதாவது ரயில் வரும் கேட்டில் யாருக்கும் பயம் கிடையாது. கொஞ்ச நாள் போனால் கேட்டுக்காரனுக்கும் இருக்காது. காலை முழுவதும் ஒன்றும் வராமல் உட்கார்ந்திருந்தால் உடம்பெல்லாம் அரிக்கிற மாதிரி இருக்கும். எழுந்து நடப்போம், பக்கத்துக் கடைக்குப் போய்வருவோமா என்று தோன்றும், ஃபோனை நோண்டத் தோன்றும். அந்த அரிப்பை அடக்கத் தெரிவதுதான் இந்த வேலையில் பாதி.

மீதிப் பாதி கடைசிப் பெட்டியைப் பார்ப்பது.

இதை எனக்குச் சொன்னவர் ஒரு மண்டோர். கேட் வேலைக்கு வருமுன் நான் தண்டவாளம் பழுதுபார்க்கும் ஆட்களோடு இருந்தேன். அவர்களை மேய்க்கிற வேலை அவருக்கு. பெரிய குணவான் என்று சொல்லமாட்டேன். ஓவர்டைம் எழுதும்போது தனக்கு வேண்டியவர்களைத்தான் முதலில் பார்ப்பார், காலையில் சூதாட்டக் கடையில் எண் எழுதிவிட்டுத்தான் வேலைக்கே வருவார். ஆனால் ரயில் வந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். வாயில் போட்ட நாசி லெமாக் சோற்றை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டு எழுந்து நிற்பார். எஞ்சினைப் பார்க்கமாட்டார். கடைசிப் பெட்டி போய் மறைந்த பிறகுதான் மென்று விழுங்குவார்.

ஒரு நாள் ஆலைக்கு உள்ளே போகும் பக்கத் தடத்தருகே நாங்கள் வேலை செய்துகொண்டிருந்தோம். அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவரின் பசு தண்டவாளத்தில் நின்று, எங்களைப் பார்த்தபடி அசை போட்டுக்கொண்டிருந்தது. ஆலைக்குள் நிறுத்தியிருந்த காலிப் பெட்டி ஒன்று எப்படியோ நகர்ந்து உருண்டு வந்தது. எங்களில் ஒருவர் காதிலும் விழவில்லை. பசுவின் காதிலும் விழவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் அது செத்துப்போனது. நாங்கள் அத்தனை பேரும் கூப்பிடு தூரத்தில் கையில் கடப்பாறையோடு நின்றுகொண்டிருந்தோம்.

"எஞ்சின் வந்தா ஊரையே கூப்பிட்டுக்கிட்டு வரும்டா. பெட்டி தனியா வந்தா திருடன் மாதிரி வரும்" என்றார் மண்டோர். அன்று எங்களில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

பெட்டிகள் பிரிந்தால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும் என்று உங்கள் பாடத்தில் இருப்பது எனக்கும் தெரியும். பெரும்பாலும் பிடிக்கும். நான் அந்தப் பசுவைப் பார்த்தவன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

முன்பெல்லாம் சரக்கு ரயிலின் கடைசியில் கார்டுக்கென்று ஒரு பெட்டி இருந்தது. அதில் ஓர் ஆள் நின்று கொடி காட்டிக்கொண்டு போவார். இப்போது ஆளும் இல்லை, பெட்டியும் இல்லை. கடைசிப் பெட்டியின் பின்னால் ஒரு சிவப்புத் தகடு மாட்டியிருக்கும். நாங்கள் அதை வால் என்போம். வாலைப் பார்த்துவிட்டால் ரயில் முழுதாகப் போய்விட்டது என்று பொருள். பார்க்கவில்லையென்றால், வழியில் எங்கோ கொக்கி கழன்று பின்பாதி பாதையிலேயே நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நின்றுவிட்டது, அல்லது உருண்டு வந்துகொண்டிருக்கிறது. என் கேட்டுக்குக் கிழக்கே தண்டவாளம் வளைந்து போகும். வளைவுக்கு அப்பால் சதுப்பு நிலமும் அதன்மேல் ஒரு பாலமும். அந்தப் பாலத்திலிருந்து கேட் வரை லேசான இறக்கம். அந்தப் பக்கம் போக சாலை கிடையாது. வளைவுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று கேட்டில் இருப்பவன் கண்ணுக்குத் தெரியாது.

இவ்வளவும் தெரிந்தால் போதும். இனி அந்தத் திருவிழா நாளுக்கு வருகிறேன்.

அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பால்குடங்கள் ஆற்றங்கரைப் பிள்ளையார் கோயிலிலிருந்து புறப்படும். ஊர்வலம் என் கேட்டைத் தாண்டித்தான் அம்மன் கோயிலுக்குப் போக வேண்டும். ரயில்வேக்காரர்களும் தோட்டத்துக்காரர்களும் சேர்ந்து கட்டிய கோயில் என்பதால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஊர்வலம் கேட்டருகே நிற்கும். கோயில் தலைவர் தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு தேங்காய் உடைப்பார். கற்பூரம் காட்டி, முதல் விபூதியைக் கேட்டுக்காரனின் நெற்றியில் பூசுவார்கள். வருஷம் முழுவதும் தகரக் குடிசைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த ஒரு நாள் மாப்பிள்ளைக்குரிய மரியாதை கிடைக்கும். அதற்காக முதல் நாளே சீருடையைத் தேய்த்து வைத்துக்கொள்வேன்.

ஊர்வலத்தில் என் மனைவியும் வருவாள். வருஷம் தவறாமல் பால்குடம் எடுப்பாள். என்ன வேண்டுதல் என்று நான் கேட்டதில்லை. நிறைவேறுகிறவரை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஆனால் அந்த வருஷம் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பந்திங்கில் கட்டிக்கொடுத்த எங்கள் மகளுக்கு அடுத்த வாரம் ஆப்பரேஷன். வயிற்றில் கட்டி, எடுத்துப் பார்த்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். வீட்டில் இருவரும் அதைப் பற்றிப் பேசாமல் அதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தோம். காலையில் மஞ்சள் சேலை கட்டிக் கிளம்பும்போது என் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

பால்குடத்தை எடுத்தால் வழியில் கீழே வைக்கக்கூடாது. கை மாற்றவும் கூடாது. கோயிலில்தான் இறக்க வேண்டும்.

அன்றைக்கு ரயில் தாமதம். ஊர்வலம் வருவதற்குள் போய்விட வேண்டிய சரக்கு ரயில், உறுமி மேளச் சத்தம் என் காதில் விழுகிற நேரத்தில்தான் வருவதாகத் தகவல் வந்தது. கேட்டை மூடினேன். ஊர்வலம் வந்து நின்றது. முன்னால் உறுமி அடிக்கும் இளைஞர்கள், அடுத்து கோயில் தலைவர், அவருக்குப் பின்னால் மஞ்சள் சேலையில் பெண்கள் வரிசையாக, தலையில் குடத்தோடு. என் மனைவி முன் வரிசையில் இருந்தாள். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் வெறுங்காலோடு தாரில் நின்றார்கள்.

யாரும் கோபப்படவில்லை. ரயில் வருகிறது, போனதும் திறப்பார்கள் என்று நின்றார்கள். வந்தது. வளைவிலிருந்து ஆடி அசைந்து கொள்கலன்களை இழுத்துக்கொண்டு துறைமுகப் பக்கம் போனது. தலைவர் தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டார். உறுமி மறுபடி ஆரம்பித்தது. என் கை கேட்டைத் தூக்கும் சக்கரத்தின் மேல் இருந்தது.

கடைசிப் பெட்டி என்னைக் கடந்தது. அதன் பின்புறத்தில் துருப்பிடித்த இரும்பு மட்டும் இருந்தது. சிவப்பு இல்லை.

கண் சரியாகத் தெரியவில்லையோ என்று தேய்த்துக்கொண்டு பார்த்தேன். ரயில் தூரத்தில் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது. வால் இல்லை. கையைச் சக்கரத்திலிருந்து எடுத்தேன். பூட்டை மாட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, உள்ளே ஓடி ஸ்டேஷனுக்கு ஃபோன் போட்டேன்.

"வால் வரல" என்றேன்.

மறுமுனையில் இருந்தவர் வேலைக்குப் புதியவர். "டிரைவர் ஒன்னும் சொல்லலயே அண்ணே. வண்டி நல்லாத்தான ஓடுது? வால் எங்கயாச்சும் விழுந்திருக்கும் லா."

"இருக்கலாம். யார் பாத்தது?"

"அது... சரி, நான் கேக்கறேன். அங்க ஊர்வலம் இருக்குல்ல? பாத்து அனுப்பி விட்டுருங்களேன், பரவால்ல."

தம்பிகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். மேலேயிருந்து ஒருவர் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டார். நான் திறந்திருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்க முடியாது. ஆனால் அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பார்க்காத இரண்டு பேர் பேசி முடிவெடுத்தால் வளைவுக்குப் பின்னால் இருப்பது மாறிவிடுமா?

"துறைமுகத்துல வண்டி நின்னதும் ஒரு ஆளு கடைசிப் பெட்டி வரைக்கும் நடந்து போய்ப் பாக்கட்டும். பொறப்பட்ட பெட்டி எல்லாம் வந்திருச்சான்னு எண்ணிச் சொல்லட்டும். அதுவரைக்கும் நான் தொறக்க மாட்டேன்" என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

வெளியே வந்தால் தலைவர் கேட் கம்பத்தின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறார். லோரி கம்பெனி வைத்திருப்பவர். காத்திருப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

"என்ன பாஸ், டிரேன் போயிருச்சில்ல? தொறங்க லா."

"முடியாது."

"ஏன் முடியாது?"

"முடியாதுங்க. கொஞ்ச நேரம் பொறுங்க."

"பொறுங்கவா? பொம்பளைங்க கால் வேவுது பாருங்க! வருஷா வருஷம் ஒங்களுக்குத்தான முதல் மரியாதை பண்றோம்? அதுக்கு இதானா?"

கூட்டம் சலசலத்தது. யாரோ மலாயில் திட்டினார்கள். பால்குடம் சுமந்தவர்களால் குனிந்து கேட்டுக்கு அடியில் நுழைய முடியாது. மேளக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை. நான்கைந்து பேர் நுழைந்து உள்ளே வந்துவிட்டார்கள். இரண்டு பேர் கேட் கம்பத்தைத் தோளில் முட்டுக்கொடுத்துத் தூக்கப் பார்த்தார்கள். அது வளைந்து முனகியது.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தின் நடுவில் போய் நின்றேன். "தாண்டணும்னா என்னை இடிச்சுத் தள்ளிட்டுப் போங்கடா!" என்று கத்தினேன். இத்தனை வருஷத்தில் அந்த ஊர்க்காரர்களை நான் 'டா' போட்டதில்லை. அவர்கள் அதிர்ந்து நின்றுவிட்டார்கள். நான் வளைவின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து என் மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க."

அவ்வளவுதான். திரும்பினால் திறந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். மகளின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. இந்தக் குடம் இங்கே இறங்கி, அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், மிச்சமிருக்கும் காலம் முழுவதும் இந்தப் பெண்ணோடு எப்படி ஒரே வீட்டில் இருப்பேன்? ஆகாவிட்டாலும் அவள் மறப்பாளா? நான் கிழக்கே பார்த்து நின்றேன். வளைவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காதால் அறிய முடியாதது அங்கிருந்து வருமானால் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

எதுவும் வரவில்லை. வெயிலில் தண்டவாளம் நெளிவது போலத் தெரிந்தது. ஒவ்வொரு முறை நெளியும்போதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பெண்களில் ஒருவர் தள்ளாடினார். அவர் இடுப்பைப் பிடித்து இரண்டு பேர் தாங்கிக்கொண்டார்கள். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உள்ளே வந்த மேளக்காரர்களில் ஒருவரைப் பிடித்து, "நீ இங்க நின்னு அந்த வளைவையே பாரு. ஏதாச்சும் அசைஞ்சா கத்து" என்று சொல்லிவிட்டுக் குடிசைக்கு ஓடினேன். அங்கே செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் உண்டு. இழுத்து வந்து, கேட்டுக்கு இந்தப் பக்கத்தில் நின்றபடியே அந்தப் பெண்களின் கால்களுக்குத் தண்ணீர் விட்டேன். தாரிலிருந்து ஆவி கிளம்பியது. வரிசையாக விட்டுக்கொண்டே வந்து என் மனைவியின் காலுக்கு வந்தேன். பாதத்தில் கொப்புளம் போட்டிருந்தது. அவள் குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்க அவளுக்குக் கை இல்லை.

முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. அதற்குப் பிறகுதான் ஃபோன் அடித்தது.

பெட்டிகள் எல்லாம் துறைமுகத்தில் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. வால் மட்டும் இல்லை. புறப்படும் இடத்தில் மாட்ட மறந்தார்களா, வழியில் விழுந்ததா, எவனாவது கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டானா, இன்றுவரை யாருக்கும் தெரியாது. வளைவுக்குப் பின்னால் ஒன்றும் இருக்கவில்லை. நான் திறந்திருக்கலாம்.

கேட்டைத் தூக்கினேன். தலைவர் தேங்காயை உடைக்கவில்லை. அதைப் பையில் திரும்பப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நடந்தார். யாரும் விபூதி பூசவில்லை. மேளம் அடிக்கவில்லை. ஈரக் கால்கள் தண்டவாளத்தை மிதித்துப் போகிற சத்தம் மட்டும் கேட்டது. என் மனைவியும் போனாள்.

அந்த மௌனம் இருக்கிறதே, அதுதான் இந்த வேலையில் மிகவும் கஷ்டமானது. ரயிலை நிறுத்தி ஓர் உயிரைக் காப்பாற்றினால் பேப்பரில் படம் போடுவார்கள். ஒன்றும் வராத பாதையில் கேட்டை மூடி வைத்தவனுக்கு என்ன போடுவார்கள்? பெட்டி உருண்டு வந்திருந்தால்கூடத் தேவலை என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. "ம்" என்றார்.

ஊர்வலம் நடந்த அன்று மாலை வேலை முடிந்ததும் நான் நேராக வீட்டுக்குப் போகவில்லை. போக தைரியம் இல்லை. கோயிலுக்குப் பக்கத்துக் கடையில் நின்று ஒரு தே குடித்தேன். கடைக்காரரே விஷயத்தைச் சொல்லிவிட்டார். வெயிலில் நின்றதில் சில குடங்களில் பால் திரிந்துவிட்டதாம். திரிந்த பாலை அம்மனுக்கு ஊற்றக்கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டாராம். அந்தக் குடங்களையெல்லாம் கோயில் வேப்பமரத்தின் அடியில் கவிழ்த்துவிட்டார்களாம். யார் யார் குடம் என்று கேட்டேன். என் மனைவியின் குடமும் அதில் இருந்தது.

வீட்டுக்குப் போனேன். காலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பித்தளைக் குடம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. நான் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.

"பால் திரிஞ்சிருச்சாமே" என்றேன்.

"ஆமா."

"பிள்ளைக்கு வேண்டிக்கிட்டது..." என்று இழுத்தேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பிள்ளைக்கு நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வெளக்கு போடறேன். பால்குடம் அவளுக்குன்னு யாரு சொன்னா?"

"பின்ன?"

"நீங்க கேட்டு வேலைக்குப் போன வருஷத்துலருந்து எடுக்கறேன். ஒங்க கேட்டுல ஒரு உயிரு போயிரக்கூடாதுன்னு. இன்னிக்கு யாருக்காச்சும் என்னமாச்சும் ஆச்சா?"

"இல்ல."

"அப்பறம் என்ன? பால அம்மன் ஊத்தி வாங்கிக்கிட்டா என்ன, கவுத்து வாங்கிக்கிட்டா என்ன? உள்ள வாங்க."

நான் உள்ளே போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வெட்கமில்லாமல் அழுதேன். பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது, அவள் காலில் இருந்த கொப்புளத்தைவிடப் பெரிய கோபம்.

"ஆனா ஒண்ணு. வால் வரலன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு ஒங்களுக்கு வாய் இல்ல? முடியாது முடியாதுன்னா யாரு கேப்பாங்க? இத்தன வருஷமா வீட்டுல அத ஒண்ணத்தான பேசறீங்க? எனக்குத் தெரியாதா வால்னா என்னன்னு? சொல்லியிருந்தீங்கன்னா நான் அந்தாண்ட திரும்பி நின்னு சொல்லியிருப்பேன்ல எல்லாருக்கும்?"

அவள் சொன்னது நியாயம். சொன்னால் கூட்டம் பயந்து ஓடி நெரிசலாகிவிடும் என்று நினைத்தேன் என்று சமாதானம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. என் வேலை எனக்குத் தெரியும், இவர்களுக்கு என்ன விளக்கம் சொல்வது என்கிற திமிரும் கொஞ்சம் இருந்தது. தம்பி தங்கைகளே, கேட்டை மூடி வைக்கிற தைரியம் உங்களுக்குத் தானாக வந்துவிடும். ஏன் மூடியிருக்கிறது என்று வெயிலில் நிற்கிறவரிடம் சொல்கிற பணிவுதான் சீக்கிரம் வராது. முதலிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

மகளின் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அவள் இப்போதும் பந்திங்கில்தான் இருக்கிறாள், போன வாரம் வந்துவிட்டுப் போனாள். நான் சன்னலுக்கு ஓடுவதைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அந்தக் கோயில்காரர்களோடு எனக்கிருந்த கசப்பு அவ்வளவு சீக்கிரம் தீரவில்லை. தலைவர் என் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் லோரியின் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். ஆனால் என் மனைவி சும்மா இருக்கவில்லை. பாசாரில், கோயிலில், கல்யாண வீட்டில் என்று ஒவ்வொருத்தியிடமும் அந்த வாலின் கதையைச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது அடுத்த திருவிழாவில்தான் தெரிந்தது.

அந்த முறையும் பாருங்கள், ஊர்வலம் வருகிற நேரத்துக்கே ரயில் வந்தது. கேட்டை மூடினேன். கூட்டம் நின்றது. என் மனைவி அதே முன் வரிசையில், தலையில் குடத்தோடு. தலைவர் கையில் தேங்காய் இருந்தது, ஆனால் முகம் கொடுக்கவில்லை. ரயில் கடந்தது. மேளம் எழும்பவில்லை. ஒருவரும் கேட்டின் பக்கம் நகரவில்லை. தலையில் குடத்தோடு பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க முடியாது. அதனால் அத்தனை பெண்களும் நேராக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வால் வந்துருச்சாங்க?" என்று கேட்டாள் என் மனைவி, ஊருக்கே கேட்கும்படியாக.

"வந்துருச்சு" என்றேன்.

தலைவர் குனிந்து தேங்காயை உடைத்தார். நான் கேட்டைத் தூக்கினேன்.